மின் திறவுகோலும் அதன் படியும்

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பேரங்காடி ஒன்றின் படிக்கட்டு ஓரத்தில் சாவி வெட்டும் சிறு கடையைக் காணாதார் இலர். செருப்புக்கு அடித்தோல் மாற்றுதல், கைக்கடிகாரத்துக்கு மின்கலம் இடுதல், சாவி வெட்டுதல் ஆகிய மூன்று தொழில்களும் அங்கே ஒரே மேசையில் நடைபெறும். ஒருவர் இரண்டு பொருள்களைக் கொடுத்து, இரண்டுக்கும் படி கேட்கிறார் என்று கொள்வோம். ஒன்று வீட்டுக் கதவின் பித்தளைச் சாவி. மற்றொன்று, அடுக்குமாடிக் கட்டடத்தின் வாயிற்கதவையும் மின்தூக்கியையும் இயக்க உதவும் நீல நிறப் பிளாஸ்டிக் வில்லை. பித்தளைச் சாவியைக் கடைக்காரர் எந்திரத்தில் பொருத்தி, சக்கரம் சுழலப் பொடி பறக்கச் சில நிமிடம் உழைக்கிறார். வில்லைக்கோ அவ்வுழைப்பு வேண்டியதில்லை. கையடக்கக் கருவி ஒன்றின் முன் அதனைக் காட்டி ஒரு பொத்தானை அழுத்துகிறார்; பிறகு வெற்று வில்லை ஒன்றைக் காட்டி மற்றொரு பொத்தானை அழுத்துகிறார். ஒரு நிமிடமும் ஆகவில்லை; வேலை முடிந்துவிட்டது.

அவர் படியெடுத்தது எதனை? வில்லைக்குப் பல்லும் இல்லை, பள்ளமும் இல்லை. உள்ளே மின்கலமும் கிடையாது. ஆயினும் புதிய வில்லையைக் காட்டியதும் கட்டடத்தின் கதவு பழைய வில்லைக்குத் திறந்தது போலவே திறக்கிறது. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இரவில் நம்பித் துயிலும் ஒரு வாயில், கடையில் ஒரு நிமிடத்தில் செய்த பொருளுக்கு வழிவிடுகிறதென்றால், அதன் காரணத்தை அறிந்துகொள்வது அக்கட்டடத்தில் வாழ்வோர் அனைவர்க்கும் வேண்டிய செய்தியாகும்.

இதனைத் தெளிவுபடுத்த முதலில் சொல்லிலிருந்து தொடங்கலாம். 'தாழ்' பழந்தமிழ்ச் சொல். வள்ளுவர் அன்புடைமை அதிகாரத்தில் அதனை ஆண்டுள்ளார். தாழைத் திறக்கும் கோல் திறவுகோல் ஆயிற்று. 'சாவி' என்பது போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்த சொல். யாழ்ப்பாணத்தார் இன்றும் அதனைத் 'திறப்பு' என்றே வழங்குவர். இச்சொற்கள் எல்லாவற்றுக்கும் பின்னால் நிற்பது ஒரே கருத்து: கையிலுள்ள பொருளே பூட்டினுள் புகுந்து, தன் உருவத்தால் அதனைத் திறக்கிறது. ஆனால் 'வில்லை' வேறு மரபில் வந்தது. முற்காலத்தில் அலுவலகச் சேவகர் தம் உடைமேல் பித்தளை வில்லை அணிந்திருந்தனர். 'வில்லைச் சேவகன்' என்ற வழக்கும் அதனால் உண்டாயிற்று. அவ்வில்லை எந்தக் கதவையும் திறந்ததில்லை. அணிந்திருப்பவர் இன்னார் என்று அறிவித்தது. அதைக் கண்ட காவற்காரர் வழிவிட்டார். நம் அடுக்குமாடி வில்லையும் அத்தகையதே. மக்கள் அதனைச் சாவி என்று கருதுகின்றனர். உண்மையில் அது ஓர் அடையாள வில்லை. கதவைத் திறப்பது சுவருக்குப் பின்னால் இருக்கும் வேறொரு கருவி. வில்லை தன் எண்ணைச் சொல்கிறது, அக்கருவி அந்த எண் தன் பட்டியலில் உள்ளதா என்று பார்க்கிறது, இருந்தால் காந்தப் பூட்டுக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்துகிறது, கதவு விடுபடுகிறது. ஆதலின் வில்லையைப் படியெடுத்தல் என்பது ஓர் எண்ணைப் படியெடுத்தலே அன்றி வேறன்று.

மின்கலம் இல்லாத ஒரு பொருள் எண்ணை எவ்வாறு சொல்லும்? 1831ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே கண்டறிந்த மின்தூண்டலே இதற்கு அடிப்படை. வாயிலில் பொருத்தப்பட்ட வாசிப்புக் கருவிக்குள் ஒரு கம்பிச் சுருள் உண்டு. அதில் ஓடும் மாறுமின்னோட்டம் தன்னைச் சுற்றி ஒரு மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. வில்லைக்குள்ளும் தலைமயிரினும் மெல்லிய செப்புக் கம்பியை நூற்றுக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய ஒரு சுருள் இருக்கிறது. வில்லையை அருகே கொண்டு செல்லும்போது அப்புலம் இச்சுருளில் மின்னழுத்தத்தைத் தோற்றுவிக்கிறது. கடுகளவே உள்ள ஒரு சில்லு அந்தச் சிறு மின்சாரத்தில் விழித்தெழுகிறது. விழித்ததும் அது தனியே அலை பரப்புவதில்லை. தான் உண்ணும் மின்சாரத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் காட்டுகிறது. அந்த ஏற்றத்தாழ்வை வாசிப்புக் கருவியின் சுருள் உணர்ந்துகொள்கிறது. அந்த ஏற்ற இறக்க வரிசையே எண். வில்லையைச் சில அங்குலத் தொலைவுக்குள் கொண்டுவந்தால்தான் கதவு திறக்கிறது என்பதன் காரணமும் இதுவே. தொலைவு மிகுந்தால் புலம் விரைவாக மெலிந்துவிடும்.

தனக்கென மின்சாரம் இல்லாத பொருளை வெளியிலிருந்து அலை வீசி உயிர்ப்பிக்கும் வித்தை, பூட்டுக்கு வருமுன் ஒற்றுக்குப் பயன்பட்டது. 1945ஆம் ஆண்டில் சோவியத் சிறுவர்கள் மரத்தில் செதுக்கிய அமெரிக்க அரசு முத்திரை ஒன்றை மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதருக்குப் பரிசாக அளித்தனர். அதனுள் லியோன் தெரமின் அமைத்த ஒட்டுக்கேட்கும் கருவி இருந்தது. அதற்கு மின்கலம் இல்லை. 1952 வரை அது கண்டுபிடிக்கப்படவில்லை. கதவுக்கு வந்த வரலாறு இதனினும் எளியது. அமெரிக்கரான சார்லஸ் வால்டன், அருகில் கொண்டுவந்த அளவில் அடையாளம் காணப்படும் ஒரு மின்னணு முறைக்கு 1973இல் காப்புரிமை பெற்றார்; ஷ்லேக் என்னும் பூட்டு நிறுவனம் அதற்கு உரிமம் பெற்றுக் கதவுகளில் பயன்படுத்தியது.

இன்று நம் நாடுகளின் அடுக்குமாடிகளில் காணப்படும் வில்லைகள் பெரும்பாலும் இரு வகையின. ஒரு வகை 125 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 1,25,000 முறை மாறும் புலத்தில் இயங்குவது. மற்றொன்று 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவது. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. உள்ளியல்பில் பெரிதும் வேறுபட்டவை.

முதல் வகைக்கு எடுத்துக்காட்டாக இ.எம். 4100 என்னும் சில்லைக் கொள்ளலாம். சுவிட்சர்லாந்து நாட்டு இ.எம். மைக்ரோ எலக்ட்ரானிக் நிறுவனத்தின் அமைப்பு இது. பல நாட்டார் இதனை ஒப்பச் சில்லுகள் செய்கின்றனர். இதில் 64 பிட்கள், அதாவது ஒன்று அல்லது சுழி என்னும் 64 இருமக் குறிகள், ஆலையிலேயே பதிக்கப்பட்டுள்ளன. முதல் ஒன்பதும் ஒன்றுகள். 'இதோ தொடங்குகிறேன்' என்பதற்கு அவை அடையாளம். பின்னர் பத்து வரிசைகள். ஒவ்வொரு வரிசையிலும் நான்கு குறிகள் எண்ணுக்கு உரியவை. ஐந்தாவது, அவ்வரிசையிலுள்ள ஒன்றுகளின் தொகையை இரட்டைப்படையாக்கும் சரிபார்ப்புக் குறி. இறுதியில் நிரல்களுக்கான சரிபார்ப்புக் குறிகள் நான்கும், முடிவைக் காட்டும் சுழி ஒன்றும் வரும். ஆகப் பத்து நான்கு நாற்பது. அந்த 40 குறிகளே வில்லையின் எண். நாற்பது இருமக் குறிகளால் ஏறத்தாழ 1 இலட்சத்து 10 ஆயிரம் கோடி வெவ்வேறு எண்களை அமைக்கலாம். உலகத்தில் இரண்டு வில்லைகளுக்கு ஒரே எண் வாராதவாறு வழங்க இது போதுமானது.

அந்தச் சரிபார்ப்புக் குறிகளைக் கண்டு, வில்லைக்குப் பாதுகாப்பு இருக்கிறதென்று சிலர் எண்ணுகின்றனர். அது பிழை. வெண்பாவில் ஒரு சீர் மாறி எழுதப்பட்டால் தளை தட்டுகிறது. தளை தட்டுவதால் ஏடெழுதினோன் பிழையைப் புலவர் கண்டுகொள்கிறார். ஆனால் பாட்டை அப்படியே பிறழாமல் எழுதிக்கொண்டு போகிறவனைத் தளை தடுக்குமா? சரிபார்ப்புக் குறியும் அப்படிப்பட்டதே. காற்றில் வரும்போது எண் சிதைந்ததா என்று அறிய உதவும். யார் கேட்டார் என்று அது பார்ப்பதில்லை. இச்சில்லுக்குக் கேள்வி கேட்கவோ, மறுக்கவோ தெரியாது. மின்சாரம் கிடைத்த மாத்திரத்தில் தன் எண்ணைச் சொல்லத் தொடங்கி, புலம் நீங்கும் வரை நொடிக்குச் சுமார் முப்பது முறை சொல்லிக்கொண்டே இருக்கும். கேட்பது கட்டடத்தின் வாசிப்புக் கருவியா, சாவிக் கடைக்காரரின் கருவியா என்ற வேறுபாடு அதற்கு இல்லை.

கேட்டதை எழுதுவதற்கு வேறொரு சில்லு வேண்டும். இ.எம். 4100இல் எதனையும் எழுத முடியாது. ஆனால் டி5577 போன்ற சில்லுகள் எழுதவும் அழிக்கவும் இடந்தருபவை. எந்த வேகத்தில், எந்த முறையில், எந்தக் குறிகளைச் சொல்ல வேண்டும் என்று கட்டளையிட்டால் அவ்வாறே சொல்லும். நேர்மையான பல வேலைகளுக்காகச் செய்யப்பட்ட சில்லுதான். படியெடுப்போர்க்கும் அதுவே வாய்ப்பாயிற்று. கடையிலுள்ள வெற்று வில்லை பெரும்பாலும் இதுவே. கட்டடத்தின் வாசிப்புக் கருவிக்கு வருவது ஒரே அலை, ஒரே வேகம், ஒரே எண். மூலம் எது, படி எது என்று பிரித்தறிய அதற்கு வழியில்லை. நகைப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. மலிவான படியெடுக்கும் கருவிகள் சில, தாம் எழுதிய வெற்று வில்லையில் பிறர் திருத்தாதவாறு ஒரு கடவுச்சொல்லையும் சேர்த்து எழுதிவிடுகின்றன. மூல வில்லையில் இல்லாத காப்பு அதன் படியில் இருக்கிறது!

இவ்வகையிலேயே, 26 இருமக் குறிகளால் ஆன மற்றொரு அமைப்பும் உலகெங்கும் பரவியுள்ளது. இரண்டு சரிபார்ப்புக் குறிகள் போக, 8 குறிகள் கட்டடத்துக்கும் 16 குறிகள் அட்டைக்கும் உரியன. 256 கட்டட எண்கள், ஒவ்வொன்றிலும் 65,536 அட்டை எண்கள்; மொத்தம் 1 கோடியே 67 இலட்சத்துச் சொச்சம். உலகக் கட்டடங்கள் அனைத்துக்கும் இது போதாது என்பது வெளிப்படை. மேலும் வில்லைகளை மொத்தமாக வாங்கும்போது எண்கள் பெரும்பாலும் தொடர்ச்சியாகவே வரும். தன் எண்ணை அறிந்தவன் பக்கத்து வீட்டான் எண்ணை ஊகிக்கலாம். பல வில்லைகளின் முதுகிலே எண் அச்சிடப்பட்டும் உள்ளது. 'வில்லை கண்டெடுக்கப்பட்டது, உரியவர் பெற்றுக்கொள்க' என்று நல்லெண்ணத்தோடு அதன் படத்தைக் குடியிருப்போர் குழுவில் வெளியிடுவோர், தாம் செய்வது இன்னதென்று அறிவதில்லை.

இனி இரண்டாம் வகை. இதன் கதை சுவையானது. சற்று நின்று கேட்கத்தக்கது.

13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் மைஃபேர் கிளாசிக் என்னும் சில்லு 1994இல் வெளிவந்தது. முதலில் அதனைச் செய்தது ஆஸ்திரிய நாட்டு மிக்ரோன் நிறுவனம். பின்னர் அது பிலிப்ஸ் கைக்கு மாறி, 2006இல் பிலிப்ஸிலிருந்து பிரிந்த என்.எக்ஸ்.பி. நிறுவனத்துக்கு உரியதாயிற்று. இச்சில்லு எண்ணை மட்டும் ஒப்பிப்பதன்று. இதற்குள் 1,024 பைட் அளவுள்ள நினைவகம் 16 அறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வோர் அறைக்கும் இரு மறைவெண்கள் தரப்பட்டுள்ளன. கோட்டை வாயிலில் காவலன் 'யார்?' என்று கேட்க, வந்தவன் பெயரைச் சொல்வது முதல் வகை. இரண்டாம் வகையில் காவலன் ஒவ்வொரு முறையும் புதிய கேள்வி ஒன்றைக் கேட்கிறான். வந்தவன் இருவர்க்கும் மட்டுமே தெரிந்த மறைவெண்ணால் அக்கேள்வியைக் கணக்கிட்டு விடை சொல்கிறான். மறைவெண்ணை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. மறைந்து நின்று இன்றைய விடையைக் கேட்டவனுக்கு அது நாளைக்கு உதவாது. கருத்தளவில் இது சிறந்த காவலே.

குறை, அதனைச் செய்த விதத்தில் இருந்தது. மறைவெண் 48 இருமக் குறிகள் மட்டுமே கொண்டது. கேள்விக்குரிய எண்ணைச் சில்லு தற்செயலாகத் தேர்ந்தெடுப்பது போல் தோன்றினாலும், அதனை உண்டாக்கும் பகுதி 16 குறி அளவே உடையது. மின்சாரம் கிடைத்த நொடியிலிருந்து எவ்வளவு நேரம் கழித்துக் கேட்கிறோமோ அதற்கேற்ப ஒரே கேள்வி மீண்டும் வரும். இவற்றுக்கெல்லாம் மேலாக, கணக்கிடும் முறையையே நிறுவனம் இரகசியமாக வைத்திருந்தது. முறை வெளிப்படினும் மறைவெண் வெளிப்படாதவரை காவல் நிலைக்க வேண்டும் என்று டச்சு நாட்டில் பிறந்த அகஸ்ட் கெர்க்கோப்ஸ் 1883ஆம் ஆண்டிலேயே எழுதிவிட்டார். அவ்வறிவுரை இங்கே பின்பற்றப்படவில்லை.

2007ஆம் ஆண்டு திசம்பரில் பெர்லினில் நடந்த மாநாடு ஒன்றில் கார்ஸ்டன் நோல், ஹென்ரிக் பிளாட்ஸ் ஆகிய இருவர், சில்லை அடுக்கடுக்காகத் தேய்த்து, நுண்ணோக்கியால் படமெடுத்து, அதன் உள்ளமைப்பிலிருந்தே கணக்கு முறையின் பெரும்பகுதியைக் கண்டுவிட்டதாகக் காட்டினர். அடுத்த ஆண்டில் நெதர்லாந்தின் நைமேகன் நகர ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முழு முறையையும் அதன் ஓட்டைகளையும் கண்டனர். அந்நாட்டுப் போக்குவரத்துக்கென வந்துகொண்டிருந்த பயண அட்டை இச்சில்லையே நம்பியிருந்தது. ஆய்வுக் கட்டுரை வெளிவரலாகாது என்று என்.எக்ஸ்.பி. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2008 சூலையில் ஆர்னெம் நீதிமன்றம் அவ்வேண்டுகோளை மறுத்துவிட்டது. தீங்கு கட்டுரையால் வருவதன்று, குறையுடைய சில்லைச் செய்து விற்றதால் வருவது என்னும் கருத்தைத் தீர்ப்பு கொண்டிருந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கட்டுரை வெளிவந்தது.

பூட்டின் வரலாற்றை அறிந்தார்க்கு இது பழைய வழக்கு. இலண்டனில் பிராமா என்பாரின் கடைச் சன்னலில், இதனைத் திறப்பார்க்கு 200 கினி பரிசு என்ற அறிவிப்போடு ஒரு பூட்டு அறுபது ஆண்டுகளுக்கு மேல் தொங்கிக்கொண்டிருந்தது. 1851இல் நடந்த பெரும் பொருட்காட்சிக்கு வந்த அமெரிக்கர் ஆல்பிரட் ஹாப்ஸ், பதினாறு நாட்களில் மொத்தம் 51 மணி நேரம் முயன்று அதனைத் திறந்தார். பூட்டின் குறையை ஊரறியச் சொல்லலாமா என்ற வாதம் அன்றும் எழுந்தது. கள்வர்க்கு ஏற்கெனவே தெரிந்ததை வீட்டுக்காரரும் அறியட்டுமே என்பதே ஹாப்ஸ் தரப்பின் விடை. இந்த 170 ஆண்டுகளில் அதனினும் நல்ல விடையை யாரும் தந்ததாகத் தெரியவில்லை.

மைஃபேர் கிளாசிக்குக்குப் பின்னும் அதே இனச் சில்லுகள் விற்பனையை விட்டு நீங்கவில்லை. விலை மலிவு என்பதே காரணம். சாங்காயின் பூடான் நிறுவனம் பழைய ஓட்டைகளை அடைத்து 2020இல் ஒத்த சில்லு ஒன்றை வெளியிட்டது. 2024இல் பிரெஞ்சு நிறுவனமாகிய குவார்க்ஸ்லேபைச் சேர்ந்த பிலிப் டியூவன், அச்சில்லுகள் எல்லாவற்றுக்கும் பொதுவான பின்வாயில் மறைவெண் ஒன்று இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார். இவற்றினும் வலியது 128 குறி மறைவெண்ணும், உலகம் முழுதும் வெளிப்படையாக ஆராயப்பட்ட கணக்கு முறையும் உடைய டெஸ்பயர் வகை. அதன் பழைய வடிவத்தையும் 2011இல் ஜெர்மனியின் போகம் நகரப் பல்கலைக்கழகத்தார், அது உண்ணும் மின்சாரத்தின் நுண்ணிய வேறுபாடுகளை அளந்தே வென்றனர். ஆயினும் பின்வந்த வடிவங்கள் சாவிக் கடையின் கருவிக்கு அகப்படாதவை.

இவ்வளவும் படித்தபின், நல்ல சில்லு வாங்கிவிட்டால் கவலை தீர்ந்தது என்று ஒரு நிர்வாகக் குழு முடிவு செய்யக்கூடும். அங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். 13.56 மெகாஹெர்ட்ஸ் சில்லு ஒவ்வொன்றுக்கும் கேள்வி விடைக்கு முன்பே, கேட்டவுடன் சொல்லும் ஒரு தொடர் எண் உண்டு. பல அட்டைகள் ஒரே இடத்தில் இருந்தால் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தறிவதற்காக வைக்கப்பட்ட எண் அது, காவலுக்காக அன்று. ஆனால் பல கட்டடங்களில் வாசிப்புக் கருவியை அமைப்போர், மறைவெண்களைப் பதித்து நிர்வகிக்கும் தொல்லை வேண்டாமென்று அந்தத் தொடர் எண்ணை மட்டும் படித்துக் கதவைத் திறக்குமாறு வைத்துவிடுகின்றனர். இரும்புப் பெட்டியை விலை கொடுத்து வாங்கி, பணத்தை அதன் மேல் வைத்துவிட்டுப் போவது போன்றதே இது. தொடர் எண்ணை விரும்பியவாறு எழுதிக்கொள்ளத்தக்க வெற்று அட்டைகள் நெடுநாளாகக் கிடைக்கின்றன. ஆகவே ஒப்பந்தக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி 'எந்தச் சில்லு?' என்பது மட்டுமன்று. 'கதவு எதனைப் படித்துத் திறக்கிறது?' என்பதும் ஆகும்.

படி வில்லையால் விளையும் தீங்கு யாது? அதனை உணர, படியின் ஓர் இயல்பை மனத்திற் கொள்ளல் வேண்டும். படிக்கெனத் தனி உயிர் இல்லை. மூலத்தின் எண்ணே அதன் எண். மூல எண்ணை அலுவலகம் பட்டியலிலிருந்து நீக்கினால் படியும் அந்நொடியே செத்துவிடும். நீக்காதவரை இரண்டும் வாழும். ஒரு வாடகை வீட்டை எடுத்துக்கொள்வோம். குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்யும்போது, தமக்குத் தந்த இரண்டு வில்லைகளையும் ஒழுங்காகத் திருப்பித் தருகிறார். வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்து, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அதே வில்லைகளை அடுத்து வரும் குடும்பத்திடம் தருகிறார். எல்லாம் முறைப்படி நடந்தது. ஆனால் பழைய குடியிருப்பாளர் ஓராண்டுக்கு முன் கடையில் எடுத்த படி அவர் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. அல்லது அவர் எப்போதோ ஒரு நண்பருக்குக் கொடுத்தது அந்நண்பரிடம் இருக்கிறது. அது இன்னும் வாயிலைத் திறக்கும். திருப்பித் தரப்பட்ட வில்லைகளின் எண்ணிக்கை சரியாக இருப்பதே, ஐயத்துக்கு இடமில்லாமல் செய்துவிடுகிறது.

பதிவேட்டின் சிக்கல் இதனினும் பெரிது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்ன எண்ணுக்குக் கதவு திறந்தது என்று கட்டடத்தின் கணினி குறித்துக்கொள்கிறது. அக்குறிப்பைப் பலர் மனிதனைப் பற்றிய சான்றாகக் கொள்கின்றனர். அது எண்ணைப் பற்றிய சான்று மட்டுமே. ஒரு துப்புரவுப் பணிப்பெண்ணின் வில்லை எண், அவர் வீட்டில் உறங்கிய இரவில் வாகன நிறுத்துமிடக் கதவைத் திறந்திருந்தால், மறுநாள் அலுவலகத்தில் கைகட்டி நிற்பவர் அவராகவே இருப்பார். 'கணினி பொய் சொல்லுமா?' என்று கேட்பார்கள். கணினி பொய் சொல்லவில்லை. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றே என்பதை அந்தப் பெண் எடுத்துரைக்க வல்லவரா? வில்லையின் இயல்பை அறிந்தோர் ஒருவரேனும் அவ்வறையில் இருத்தல் வேண்டும். பதிவோடு கண்காணிப்புப் படக் கருவியின் காட்சியையும் ஒத்துப் பாராமல், எண்ணை மட்டும் காட்டி ஒருவர்மேல் பழி சுமத்துதல் அறமன்று; அறிவியலும் அன்று.

மலேசியாவில் இவ்வில்லை சட்டத்துள்ளும் இடம் பெற்றுவிட்டது. 2013ஆம் ஆண்டின் ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின் கீழ் 2015இல் வந்த விதிமுறைகள், பராமரிப்புக் கட்டணம் செலுத்தாதவர்க்கு அறிவிப்புக் கொடுத்து 14 நாள் கடந்தபின், அவருக்கு வழங்கிய மின்காந்த நுழைவு அட்டையையோ வில்லையையோ செயலிழக்கச் செய்ய நிர்வாகத்துக்கு இடந்தருகின்றன. மீண்டும் இயங்கச் செய்வதற்கு 50 ரிங்கிட்டுக்கு மேல் வாங்கலாகாது என்றும் வரம்பிடுகின்றன. படி வில்லை வைத்திருந்தால் இதிலிருந்து தப்பலாம் என்று எண்ணுவோர் முன்சொன்ன இயல்பை மறந்தவர். தம் எண் போனால் அதன் படியும் போகும். தப்புவது, கட்டணம் ஒழுங்காகச் செலுத்தும் வேறொருவரின் எண்ணைப் படியெடுத்தவர் மட்டுமே. அப்போது அது சிக்கனமன்று. அண்டை வீட்டாரின் பெயரில் நடமாடுதலாகும்.

நாள்வாடகைக்கு வீட்டை விடும் வழக்கமும் படியெடுத்தலைப் பெருக்கிற்று. வந்து போகும் விருந்தினர்க்கெல்லாம் கொடுக்க நிர்வாகம் தரும் வில்லைகள் போதா. சிங்கப்பூரில் தனியார் வீட்டைத் தொடர்ச்சியாக மூன்று மாதத்துக்குக் குறைந்து வாடகைக்கு விடலாகாது என்பது 2017 முதல் விதி. மலேசியாவில், குறுகியகால வாடகையைத் தடுக்க நிர்வாகக் கழகத்துக்கு உரிமை உண்டென மோன்ட் கியாரா அடுக்குமாடி ஒன்றைப் பற்றிய வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. எண்ணிக் கொடுத்த வில்லைகளே இத்தகைய விதியைக் காக்க நிர்வாகங்களுக்கு இருக்கும் எளிய வழி; கடைப்படி அவ்வழியை அடைத்துவிடுகிறது.

ஆயினும் படியெடுப்போரை எல்லாம் ஒரே கூண்டில் நிறுத்துதல் முறையன்று. ஐவர் வாழும் வீட்டுக்கு இரண்டே வில்லை தந்து, மூன்றாவது கேட்டால் விண்ணப்பம், வீட்டுக்காரர் கையொப்பம், அடையாள அட்டை நகல், கட்டணம், ஒரு வாரக் காத்திருப்பு என்று அலையவிடும் அலுவலகங்கள் உள. பள்ளி விட்டு வரும் சிறுமி வாயிலில் நின்று, உள்ளே போகும் யாரோ ஒருவரின் பின்னால் நுழைய வேண்டியிருக்கிறது. சந்தைக்குப் போய்வரும் பாட்டி 'ஜாகா'வைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மூடியிருக்க, சாவிக் கடை திறந்திருக்கிறது. தந்தை அங்கே போகிறார். அவரைக் குற்றவாளி என்பதைவிட, அந்த நிர்வாகம் தன் பட்டியலைத் தானே பொய்யாக்கிக்கொண்டது என்பதே பொருந்தும். வேண்டிய வில்லையைக் குறைந்த கட்டணத்தில் அன்றே கொடுத்து, ஒவ்வொன்றுக்கும் தனி எண்ணும் பெயரும் எழுதிவைக்கும் கட்டடத்தில் யாரும் கடைக்குப் போகத் தேவை இராது. கடைப்படியால் வரும் மெய்யான இழப்பு, ஒரே எண்ணில் இருவர் நடமாடுவது. தனி எண் தந்துவிட்டால், ஒன்று தொலைந்தாலும் அதனை மட்டும் நீக்கிக்கொள்ளலாம். சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குகளில் வாயிற்கதவே இல்லை. கீழ்த்தளம் எல்லார்க்கும் திறந்தே கிடக்கிறது. அங்கே காவல் வீட்டுக் கதவில் தொடங்குகிறது. கொண்டோமினியத்தில் வாழ்வோரும் தம் வீட்டுக் கதவின் பூட்டைக் கீழ்வாயிலை நம்பி மெலிதாக வைத்தல் கூடாது என்பது இதனால் பெறப்படும்.

தம் கையிலிருப்பது எவ்வகை என்று அறிய விரும்புவோர்க்கு எளிய சோதனை ஒன்று உண்டு. வகுப்பறையில் மின்தூண்டல் பாடம் நடத்தும் ஆசிரியர்க்கும் அது பயன்படும். மெல்லிய அட்டையானால், இருட்டறையில் அதன் பின்னால் ஒளி மிகுந்த கைவிளக்கைப் பிடிக்க வேண்டும். நெருங்கிச் சுற்றிய வட்டமான கம்பிச் சுருள் நிழலாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் வகை. அட்டையின் ஓரத்தை ஒட்டிச் சதுரமாகச் சில சுற்றுகள் மட்டுமே தெரிந்தால் 13.56 மெகாஹெர்ட்ஸ் வகை. அலைவு மிகுந்தால் சுற்றுகள் குறைந்தாலே போதும் என்னும் விதியை அந்நிழலிலேயே மாணவர்க்குக் காட்டிவிடலாம். தடித்த பிளாஸ்டிக் வில்லையில் இச்சோதனை பலிக்காது. அருகலைத் தொடர்பு வசதியுள்ள கைப்பேசியை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். அவ்வசதி 13.56 மெகாஹெர்ட்ஸில் இயங்குவதாதலின், கைப்பேசி வில்லையை உணர்ந்துகொண்டால் அது இரண்டாம் வகை.

புதிய வீட்டுக்குக் குடிபுகுவோர் செய்யத்தக்கது ஒன்றே. முன்னிருந்தவர் விட்டுச்சென்ற வில்லையை அப்படியே வாங்கிக்கொள்ளாமல், அவ்வீட்டுக்கு உரிய பழைய எண்கள் அனைத்தையும் நீக்கிப் புதிய எண்ணுள்ள வில்லைகளைத் தருமாறு அலுவலகத்தைக் கேட்க வேண்டும். நீக்கிவிட்டோம் என்று அலுவலகத்தார் சொன்னபின், பழைய வில்லையை வாயிலில் ஒருமுறை காட்டிப் பார்த்தல் நலம். சிவப்பு விளக்கு எரிந்தால் எண் நீங்கியது; அதன் படிகளும் எங்கிருந்தாலும் நீங்கின. பச்சை விளக்கு எரிந்தால் மீண்டும் அலுவலகப் படியேற வேண்டியதுதான்.